பொட்டலத்துக்குள் இன்னொரு பாசி

என் அப்பா வத்தலக்குண்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில் எனக்குப் பொட்டலம் மடிக்கக் கற்றுக்கொடுத்தார். செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்து, நடுவில் சரக்கை வைத்து, ஓரங்களை மடித்து உள்ளே செருக வேண்டும். நூல் கட்டக் கூடாது. கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு கடுகுகூடக் கீழே விழக் கூடாது. அதுதான் அவர் வைத்த பரீட்சை.

ஒருநாள் கல்பாசி மடித்துக்கொண்டிருந்தேன். கறுத்துச் சுருண்டு, காய்ந்த தோல் மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவரிலும் பாசி உண்டு. அது மழைக்காலத்தில் பச்சை வெல்வெட்டாக மெத்தென்றிருக்கும். கண்மாய்ப் படியில் காலை வழுக்கிவிடுவதும் பாசிதான். “ஏம்ப்பா, இதுவும் பாசி, அதுவும் பாசியா?” என்று கேட்டேன். தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா சொன்னார்: “பேருதான் ஒண்ணு. சரக்கு வேற.”

பிற்பாடு ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில், உலர்ந்த செடிகளைச் சேமித்து வைக்கும் ஹெர்பேரியத்தில் உதவியாளராகச் சேர்ந்து 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கேயும் பொட்டலம்தான் மடித்தேன். பூக்கும் செடியை அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டிவிடலாம். சுவர்ப்பாசியை அப்படி நசுக்கினால் அதன் உருவம் கெட்டுவிடும். காற்றாட உலர்த்தித் தாளில் மடித்து வைப்பதுதான் உலகமெங்கும் வழக்கம். அப்பா சொல்லிக்கொடுத்த மடிப்புக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது.

அப்பா சொன்னது எவ்வளவு சரி என்பதும் அங்கேதான் விளங்கியது. கண்மாய்ப் படியில் வழுக்குவது ஆல்கா. பிரியாணியில் போடும் கல்பாசி லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். கிணற்றுச் சுவரில் இருப்பது மாஸ். அதற்குத் தண்டு உண்டு, இலை உண்டு. வேர் மட்டும் கிடையாது. மயிரிழை போன்ற நார்களால் சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை உடம்பு முழுவதாலும் குடிக்கும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட மாஸ் இனங்கள் ஏறக்குறைய 12,000. இந்தக் கட்டுரை அந்த எண்ணிக்கையைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த எண்ணிக்கைக்குள் ஒளிந்திருப்பவற்றைப் பற்றியது.

மண்டியிட்டுப் பார்த்தால்

எங்கள் பேராசிரியர் மழைக்காலம் முடிந்ததும் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு மாணவர்களைக் கொடைக்கானல் மலைச்சாலைக்கு அழைத்துப்போவார். பொட்டலத் தாள்களோடு நானும் போவேன். முதல் தடவை நான் நின்றுகொண்டே சாலையோரத்து மண்சரிவைப் பார்த்தேன். எல்லாம் ஒரே பச்சை. சார் தன் கைலென்சை என்னிடம் நீட்டினார். “மண்டி போடும்மா. நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லாம் பாசிதான்.”

பத்து மடங்கு பெரிதாக்கும் அந்த லென்சை இமைக்கு அருகில் வைத்துக் குனிந்தபோது மண்சரிவில் ஒரு காடு தெரிந்தது. விரல் நீளத்துக்குப் பைன் கன்றுகள்போல விறைத்து நின்றது போகோனேட்டம். அதன் காலடியில் கோழி இறகு மாதிரி இரண்டே வரிசையில் இலை விரித்திருந்தது ஃபிஸிடென்ஸ். அதன் ஒவ்வோர் இலையும் அடியில் இரண்டாகப் பிளந்து, சட்டைப்பைபோலத் தண்டைக் கவ்வியிருக்கும். சிமெண்டுச் சுவர் மேலிருந்த ஹையோஃபிலா, வெயிலில் இலைகளை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு பழுப்பாகக் கிடந்தது. சார் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருள் பிரிந்து பச்சை நட்சத்திரங்களாக விரிந்தது. நம் ஊர் மதில்களில் சாதாரணமாகக் காணப்படும் மாஸ் அது.

பதினோராம் வகுப்பில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஃபியூனேரியா படம் நினைவிருக்கும். இலைக்கொத்தின் உச்சியிலிருந்து ஒரு காம்பு எழும்பி, அதன் நுனியில் சிமிழ் ஒன்று தலை கவிழ்ந்திருக்கும். சிமிழுக்குள் ஸ்போர்கள் என்னும் தூள். மாஸுக்கு விதையும் பூவும் கிடையாது. இந்தத் தூளே காற்றில் பறந்து போய் முளைக்கும். சிமிழின் வாயைச் சுற்றிப் பற்கள் இருக்கும். காற்றின் ஈரத்துக்கேற்ப அவை வளைந்தும் நிமிர்ந்தும் தூளைப் பக்குவம் பார்த்து வெளியே விடும். சில மாஸ்களுக்கு நான்கே பற்கள், பலவற்றுக்குப் பதினாறு, சிலவற்றுக்கு அறுபத்து நான்கு. வகைப்பாட்டில் இந்தப் பற்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு.

துறைக்குத் திரும்பியதும் உண்மையான வேலை தொடங்கும். காய்ந்ததைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரேயோர் இலையை இடுக்கியால் பிய்த்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஓரத்தில் பல் இருக்கிறதா, நடு நரம்பு நுனிவரை போகிறதா, செல் நீளமா சதுரமா, செல்லின் மேல் பரு இருக்கிறதா என்று கேள்விமேல் கேள்வி. பெரும்பாலான மாஸ் இலைகளின் கனம் ஒரே ஒரு செல். அதைச் சவர பிளேடால் குறுக்கே சீவிப் பார்க்கவும் வேண்டியிருக்கும். ஒரு பொட்டலத்துக்குப் பெயர் வைக்க ஒரு காலைப்பொழுது போய்விடும்.

பொட்டலத்தின் மேல் எழுதுவது என் பொறுப்பு. எந்த ஊர், எவ்வளவு உயரம், என்ன தேதி, மரப்பட்டையா பாறையா மண்ணா, நிழலா வெயிலா, யார் எடுத்தது. சார் ஒரு விதி வைத்திருந்தார்: “ஊரை மையில எழுது, பேரைப் பென்சில்ல எழுது.” ஏன் என்று நான் கேட்டதில்லை. சொன்னபடி எழுதினேன்.

பெயர் வைத்தவர்கள்

மாஸுக்கு முறையாகப் பெயர் வைப்பதைத் தொடங்கி வைத்தவர் யோஹான் ஹெட்விக். 1730-இல் டிரான்சில்வேனியாவில் பிறந்து ஜெர்மனியில் மருத்துவராக இருந்தவர். மாஸுக்கும் ஆண் உறுப்பு, பெண் உறுப்பு உண்டு என்பதை நுண்ணோக்கியில் கண்டு வரைந்து காட்டினார். 1799-இல் அவர் இறந்தார். அவருடைய பெரிய நூல் 1801-இல்தான் வெளிவந்தது. இன்றும் பன்னாட்டு விதிப்படி, ஸ்பேக்னம் என்னும் சதுப்பு மாஸின் குடும்பம் தவிர மற்ற மாஸ்களின் பெயர்க்கணக்கு அந்த நூலிலிருந்தே தொடங்குகிறது.

அடுத்த நூறாண்டில் பெயர்கள் பெருகின. கப்பல்களில் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பொட்டலங்கள் ஐரோப்பாவுக்கு வந்தன. ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த கார்ல் முல்லர் ஒருவரே ஆயிரக்கணக்கில் புதிய பெயர்கள் வைத்தார். புது நாட்டிலிருந்து வந்தால் புது இனமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வலுவாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் அந்தப் பொட்டலங்களை அடுக்கிவைத்து ஒப்பிட்டபோது, ஒரே செடிக்குப் பத்து நாட்டில் பத்துப் பெயர் இருப்பது தெரிந்தது. பல பெயர்களை ரத்துசெய்து ஒன்றாக்கினார்கள். ஸ்போர் தூசியைவிட இலேசானது. காற்று அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோகும். ஆகவே ஒரே இனம் பல கண்டங்களில் இருப்பது இயல்பு என்று முடிவுகட்டினார்கள். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது.

பழனி மலைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு ஏசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ இந்த மலையெங்கும் மாஸ் சேகரித்தார். பழனி மலையின் மாஸ்களைப் பற்றிய அவருடைய பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. சார் அதன் நகலை பைண்டு செய்து வைத்திருந்தார். மலைக்குப் போகும்போதெல்லாம் அது எங்கள் கூடவே வரும்.

ஒரு பெயர் மூன்றான கதை

ஒன்றாக்கப்பட்ட பெயர்களில் சில மறுபடியும் பிரிந்தன. எனக்கு மிகவும் பிடித்த கதை ஒரு ஸ்பேக்னத்துடையது.

ஸ்பேக்னம் குளிர்நாட்டுச் சதுப்புகளில் வளரும் மாஸ். அதன் இலையில் பாதிச் செல்கள் இறந்து வெறும் கூடாக நிற்கும்; அந்தக் கூடுகளில் துளைகள் இருக்கும். துளை வழியாகத் தண்ணீர் ஏறி நிரம்பும். தன் உலர்ந்த எடையைப்போல இருபது மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். முதல் உலகப் போரில் பஞ்சுக்குப் பதிலாக இதைக் காயங்களில் வைத்துக் கட்டினார்கள். செத்த ஸ்பேக்னம் அமிலமும் நீரும் நிறைந்த சதுப்பில் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கரிச்சதுப்பாகிறது. எல்லா வகைக் கரிச்சதுப்புகளும் சேர்ந்து உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகின் காட்டு மரங்கள் அத்தனையிலும் இருப்பதைவிட அதிகமான கார்பன் அவற்றுக்குள் இருக்கிறது. நம் ஊர் நர்சரிகளில் ஆர்க்கிட் செடியின் வேரைச் சுற்றி வைக்கிறார்களே வைக்கோல் நிறத்தில் ஒரு பஞ்சு, அதுவும் காய்ந்த ஸ்பேக்னம்தான்.

தென் அமெரிக்காவின் கடைக்கோடியில் மெகல்லன் நீரிணைப் பகுதியிலிருந்து வந்த சிவந்த ஸ்பேக்னம் ஒன்றுக்கு 1798-இல் பிரிடெல் என்ற ஆய்வாளர் ‘ஸ்பேக்னம் மெகல்லானிக்கம்’ என்று பெயர் வைத்தார். ஐரோப்பாவின் சதுப்புகளிலும் அதே சிவப்பு, அதே பருமன் கொண்ட ஸ்பேக்னம் உண்டு. 1881-இல் லிம்ப்ரிஷ்ட் என்பவர் அதை ‘ஸ்பேக்னம் மீடியம்’ என்று தனி இனமாக்கினார். பின்னால் வந்தவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று மீடியம் என்ற பெயரைப் பரணில் போட்டார்கள். ஆக, வட துருவத்தை ஒட்டிய சதுப்பு முதல் தென் அமெரிக்க முனை வரை ஒரே இனம் என்று புத்தகங்கள் எழுதின.

மரபணுவைப் படித்தபோது கதை மாறியது. வடபாதியில் உள்ளவை இரண்டு தனிக் கூட்டங்களாகப் பிரிந்தன. தென் அமெரிக்காவில் உள்ளது மூன்றாவது. 2018-இல் நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஹாசெலும் அவருடைய கூட்டாளிகளும் இதை முறைப்படி அறிவித்தார்கள்.

இப்போது பெயர் யாருக்குச் சேரும்? இங்கேதான் பொட்டலம் பேசுகிறது. தாவரவியல் விதிப்படி ஒரு பெயர் ஒரு மாதிரிப் பொட்டலத்தோடு கட்டப்பட்டது. இனம் எத்தனையாகப் பிரிந்தாலும், அந்தப் பொட்டலத்துச் செடி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்கே பெயர் சொந்தம். மெகல்லானிக்கம் தென் அமெரிக்காவோடு போயிற்று. பரணில் கிடந்த மீடியம் தூசி தட்டப்பட்டு, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் வாழும் இனத்துக்கு மறுபடி வந்தது. வடதுருவத்தைச் சுற்றிப் பரவியிருக்கும் இன்னொன்றுக்கு அதுவரை பெயரே இல்லை. அதற்கு ‘டிவைனம்’ என்று புதுப்பெயர் வைத்தார்கள். மீடியம் பெரும்பாலும் மழைநீரை மட்டுமே நம்பிய வெட்டவெளிச் சதுப்பில் வாழ்கிறது. டிவைனம் சதுப்பின் ஓரங்களையும் மரங்கள் நிற்கும் சதுப்பையும் விரும்புகிறது. ஒரே சதுப்பிலேயே இரண்டும் வெவ்வேறு தெருவில் குடியிருந்திருக்கின்றன.

கண் ஏன் ஏமாந்தது

மனித முகத்தை அடையாளம் காண ஆயிரம் குறிகள் உண்டு. மாஸின் உடம்பு மிகச் சிக்கனமானது. பார்த்துப் பிரிக்கக் கிடைக்கும் அடையாளங்கள் சில டஜன்தான். அவையும் நிழலுக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி மாறும். ஆகவே ஒரே இனம் இடத்துக்கு இடம் வேறாகத் தோன்றும். இரண்டு வேறு இனங்கள் ஒன்றுபோலத் தோன்றவும் செய்யும். இலட்சக்கணக்கான ஆண்டுகளாக மரபணு தன் போக்கில் மாறிக்கொண்டே போக, உடம்பு மட்டும் பழைய சட்டையையே போட்டுக்கொண்டிருப்பது மாஸ் உலகில் நடக்கிறது. இப்படி ஒரே உருவத்துக்குள் மறைந்திருப்பவற்றை ‘மறை இனங்கள்’ என்கிறார்கள்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஜோனதன் ஷா, செம்புத் தாது நிறைந்த பாறைகளில் வளரும் மீலிக்ஹோஃபேரியா என்ற மாஸைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரே இனமாகக் கருதப்பட்ட ஒன்றுக்குள் மரபணுவில் தெளிவாக விலகி நிற்கும் இரண்டு கிளைகள் இருப்பதை 2000-இல் எழுதினார். கண்ணுக்கு அவை ஒன்றேதான்.

போலந்தில் நடந்தது இன்னும் அழகு. கோனோசெஃபாலம் என்பது மாஸுக்குச் சித்தப்பா மகன் முறை ஆகும் லிவர்வோர்ட் கூட்டத்தைச் சேர்ந்தது. ஈரப்பாறையில் தட்டையாகப் படர்வது. 1970-களின் இறுதியில் போஸ்னான் நகரத்து யெர்ஜி ஷ்வெய்கோவ்ஸ்கி அதன் நொதிகளைச் சோதித்து, உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட இனம் இருக்க வேண்டும் என்று கண்டார். வெளியில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு என்று தெரிந்த பிறகு திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒன்றின் மேற்பரப்பு வழவழப்பாகப் பளபளக்கிறது. மற்றது மங்கலாகப் பள்ளம் விழுந்து கிடக்கிறது. 2005-இல் அதற்கு ‘சலெப்ரோசம்’, அதாவது கரடுமுரடானது, என்று பெயர் வந்தது. அந்தக் கரடுமுரடு எப்போதும் அங்கேதான் இருந்தது. இரண்டு இருக்கிறது என்று தெரிந்த பின்புதான் கண்ணுக்கு அதைப் பார்க்கத் தெரிந்தது.

நான் கொட்டிய பொட்டலங்கள்

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பணியின் கடைசி ஆண்டுகளில். அதற்குள் ஒரு தவறு செய்திருந்தேன்.

சார் ஓய்வுபெற்ற பின் ஹெர்பேரியத்துக்கு இடம் குறைந்தது. இரும்பு அலமாரி இரண்டை வேறு வேலைக்குக் கேட்டார்கள். “ஒரே பேர்ல எதுக்கு இத்தனை? நல்லதா ஒண்ணு ரெண்டு வச்சுக்கிட்டு மத்ததைக் கழிச்சிருங்க” என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கடையில் ஒரே சரக்கு இருபது மூட்டை கிடந்தால் அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். ஹையோஃபிலா என்று எழுதிய பொட்டலங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் இருந்தன. கிணற்றுச் சுவர், கோயில் மதில், மலைச்சாலைப் பாலம், ஓடைக்கல் என்று ஒவ்வொன்றும் ஓரிடம். மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தோட்டத்துக் குப்பைக்குழியில் கொட்டினேன். தாள்களையும் எரித்தேன்.

நான்கு வருடம் கழித்து ஆய்வு மாணவி ஒருத்தி வெளியூரிலிருந்து வந்தாள். மரபணு எடுக்க ஒரு சிட்டிகை மாஸ் போதும், பழைய பொட்டலத்திலிருந்தும் பல சமயம் எடுக்க முடியும் என்றாள். “அக்கா, ஹையோஃபிலா எத்தன எடத்துல எடுத்திருக்கீங்களோ அத்தனையும் வேணும். அடிவாரத்துல இருக்கறதும் மேல இருக்கறதும் ஒண்ணுதானான்னு பாக்கணும்.” நான் மூன்று பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மீதி எங்கே என்று அவள் கேட்கவில்லை, நானே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பரவால்லக்கா” என்றாள். அந்தப் ‘பரவால்ல’ இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பொட்டலங்கள் வந்த இடங்களில் சில இப்போது இல்லை. ஒரு கிணற்றை மூடிவிட்டார்கள். மதிலுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பாலத்தை இடித்து அகலப்படுத்தினார்கள். அங்கே வளர்ந்தது என்ன இனம் என்பதற்கு ஒரே சாட்சியாக இருந்தது அந்தப் பொட்டலம்தான். அவை ஒரே இனமாகவே இருந்திருக்கலாம். அதையாவது சொல்ல ஒரு சிட்டிகை இருந்திருக்க வேண்டும்.

சார் வைத்த விதி அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பெயர் என்பது இன்றைய அறிவு, நாளை மாறும். ஊரும் தேதியும் நடந்த நிகழ்ச்சி; அவை மாறாது. பெரிய ஹெர்பேரியங்களில் பெயர் மாறினால் பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார்கள். புதிய சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார்கள். ஒரே பொட்டலத்தில் நூறு வருடத்துச் சீட்டுகள் வரிசையாக இருக்கும். தப்பாகப் பெயர் எழுதியவரையும் அந்தப் பொட்டலம் வைத்திருக்கும், திருத்தியவரையும் வைத்திருக்கும்.

இதனால் யாருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உலகமெங்கும் இருக்கிறது என்று நாம் நினைக்கும் ஓர் இனம் உண்மையில் மூன்றாக இருந்தால், ஒவ்வொன்றின் வீடும் நாம் நினைத்ததைவிடச் சிறியது. மூன்றில் ஒன்று ஒரே ஒரு மலையில் மட்டும் இருக்கலாம். ‘சாதாரணப் பாசி’ என்ற பெயருக்கு அடியில் அது அழிந்துபோனால், அழிந்ததே யாருக்கும் தெரியாது. ஒரு சதுப்பை மீட்க ஸ்பேக்னம் நடுகிறவர்களுக்கு, வெட்டவெளிக்கு உரியது எது, ஓரத்துக்கு உரியது எது என்பது தெரிந்தாக வேண்டும். வகைப்பாடு என்பது யாரோ அறைக்குள் உட்கார்ந்து பெயர் மாற்றி விளையாடுவது என்று நினைக்காதீர்கள். யார் எங்கே குடியிருக்கிறார் என்ற கணக்கு அது.

ஓய்வுபெற்று இப்போது மறுபடி வத்தலக்குண்டில் இருக்கிறேன். கடை இல்லை, கிணறு இருக்கிறது. சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு கைலென்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வடக்குச் சுவரில் ஹையோஃபிலா மாதிரி ஒன்று, அதன் நடுவே வெள்ளி நிறத்தில் இன்னொன்று. இரண்டிலும் கட்டைவிரல் நகம் அளவு மட்டும் எடுத்து நிழலில் உலர்த்தினேன். செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்து மடித்தேன். கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தேன், எதுவும் விழவில்லை.

மேலே மையில் எழுதினேன்: வத்தலக்குண்டு, வீட்டுக் கிணறு, வடக்குச் சுவர், காரைப்பூச்சு, நிழல், தேதி. பெயருக்கான இடத்தில் பென்சிலை வைத்து மெல்ல எழுதினேன், அழிக்க வருகிறவளுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று.